நீலமலையின் வாயிலில்

மேட்டுப்பாளையத்தை விட்டுப் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் நீலகிரிச் சாலை இரண்டாகக் கிளைக்கிறது. ஒன்று குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு ஏறும். மற்றொன்று கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்கும் அங்கிருந்து உதகைக்கும் செல்லும். கல்லாறு பெயருக்கேற்ற இடம். பாறைகளுக்கிடையே நீர் சலசலக்கும். பாக்குத் தோப்புகளின் நிழல் சாலையில் கோடு கோடாக விழும். அரசினர் பழப்பண்ணையில் மங்குஸ்தானும் துரியனும் காய்க்கும். இதற்கப்பால் சமவெளி கிடையாது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் குளிரும் மூடுபனியும்தான்.

அந்த எல்லையில்தான் இப்போது ஒரு சோதனைச் சாவடி நிற்கிறது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு வேலைநாள் காலையில் எங்கள் பங்கிலிருந்து நான்கு குடும்பத்தார், பெரியவரும் சிறியவருமாகப் பதினான்கு பேர், ஒரு வேனில் காந்தல் குருசடித் திருத்தலத்துக்குப் புறப்பட்டிருந்தோம். உதகையை அடுத்த காந்தலில் நம் ஆண்டவரின் திருச்சிலுவைத் திருப்பண்டம் வைத்துப் போற்றப்படுவதை வாசகர்கள் அறிவார்கள். கல்லாற்றில் எங்களுக்கு முன் முப்பது, நாற்பது வண்டிகள் நின்றன. காக்கிச் சட்டை அணிந்த இளைஞர் ஒருவர் ஒவ்வொரு வண்டியாக வந்து, ஓட்டுநர் நீட்டும் கைப்பேசியில் உள்ள கட்டம் போட்ட குறியீட்டைத் தம் கருவியால் ஒற்றி எடுத்து, வண்டி எண்ணைச் சரிபார்த்து, 'போகலாம்' என்று கையசைத்தார். சீட்டு இல்லாதவர்களை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

எங்களுடன் வந்த எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, மலைக்குப் போறதுக்கும் சீட்டா? இந்த மலை யாரு வூட்டுச் சொத்து?"

ஓட்டுநர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நீலகிரியின் இருநூறு ஆண்டு வரலாற்றையே அந்த அம்மையார் ஒரு கேள்வியில் அடக்கிவிட்டார் என்று தோன்றியது.

முதலில் இந்தச் சீட்டின் விவரம். 2024 ஏப்ரல் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வாகனங்கள் 'இ-பாஸ்' எனப்படும் மின்னணு அனுமதி பெற்றே வரவேண்டும் என்று ஆணையிட்டது. அவ்வாண்டு மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வண்டி எண், வருவோர் தொகை, வரும் நாள், தங்குமிடம் ஆகியவற்றை இணையத்தில் பதிந்தால் அனுமதி கிடைக்கும், கட்டணம் இல்லை. மலையில் குடியிருப்போரின் வண்டிகள், அரசுப் பேருந்துகள், நோயாளர் ஊர்திகள், விளைபொருள் ஏற்றும் வண்டிகள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. முதலாண்டில் கேட்டவர்க்கெல்லாம் அனுமதி கிடைத்தது. அதாவது, எண்ணிப் பார்த்தார்களே தவிரத் தடுக்கவில்லை. 2025 மார்ச்சில் நீதிமன்றம் மேலும் ஓர் அடி சென்று, ஏப்ரல் முதல் ஜூன் இறுதி வரை நீலகிரிக்கு வேலைநாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு கட்டியது.

இதற்கு என்ன காரணம்? சாதாரண நாட்களில் இரண்டாயிரம் வண்டிகள் ஏறும் நீலகிரிக்குக் கோடைப் பருவத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் வண்டிகள் ஏறுகின்றன என்று அரசுத் தரப்பிலேயே நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்தார்கள். அவற்றுள் பாதிக்கு மேல் கார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 7,35,394. மலையை வெட்டி ஒட்டவைத்தாற்போன்ற சாலைகளில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் இடத்தில், இருபதாயிரம் வண்டிகள் என்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இந்த மண் எத்தகையது என்பதை 2009 நவம்பர் மழை காட்டிற்று: குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகளில் சரிந்த மலைச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது.

குன்னூரில் தேநீர் அருந்த இறங்கியபோது, வெலிங்டனைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவருடன் பேச வாய்த்தது. இ-பாஸைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றேன். "எங்க தொழிலுக்கு நஷ்டந்தானுங்க" என்று தொடங்கியவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்: "சில வருஷத்துக்கு முந்தி ஒரு மே மாசம். அப்பாவுக்கு நெஞ்சுவலி. அரை மணி நேரத்துல போற ஆஸ்பத்திரிக்கு ரெண்டே கால் மணி நேரம். முன்னால கார், பின்னால கார், ஒதுங்க எடமில்ல. அப்பா பொழச்சிக்கிட்டாருங்க. எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா, சொல்லுங்க?"

அவர் கடைக்காரருக்குக் காசு கொடுக்கத் திரும்பியபோது கடைக்காரர் குறுக்கிட்டார். அவருக்கு வேறு கணக்கு. "மே மாசம் சம்பாதிக்கறதை வெச்சுத்தான் மழைக்காலத்துல பசங்களுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டறோம். அந்த ரெண்டு மாசத்தைக் கட்டிப் போட்டா நாங்க எங்க போறது?" அவர் சொல்வதிலும் நியாயமில்லாமல் இல்லை. 2025 ஏப்ரல் 2 அன்று இம்முறையை எதிர்த்து மாவட்டத்தில் வணிகர்கள் கடையடைத்தார்கள். பூக்காரர் முதல் அறை வாடகைக்கு விடுவோர் வரை மலையின் எளிய குடும்பங்கள் பல, சமவெளியார் கொண்டுவரும் காசை நம்பி வாழ்கின்றன. ஆட்டோக்காரரும் கடைக்காரரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து தேநீர் குடிக்கும் நண்பர்கள்தாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போவதில்லை என்று இருவருமே சொன்னார்கள்.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம்.

இம்மலைக்கு வந்து எழுதிவைத்த முதல் ஐரோப்பியர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. இயேசு சபையைச் சேர்ந்த பெனிசியோ அடிகளார் 1603-ஆம் ஆண்டில் மலையாளக் கரையிலிருந்து கால்நடையாக ஏறி வந்தார். மலையுச்சியில் மறந்துபோன கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்று ஒரு பேச்சு அக்காலத்தில் உலவியது. அதை விசாரிக்கவே அவரை அனுப்பினார்கள். கிறிஸ்தவர்கள் அகப்படவில்லை. எருமை மேய்க்கும் தோடர்களையும் படகர்களையும் கண்டு, அவர்களோடு பேசி, கண்டதை எழுதி அனுப்பினார். அம்மக்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதற்குறிப்பு அதுவே. அவருக்குச் சீட்டுத் தேவைப்படவில்லை. காடே பெரிய சோதனைச் சாவடியாக இருந்திருக்கும்.

பிறகு 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறிவந்தார். உதகை நகரத்தை உண்டாக்கியவர் அவரே. ஆயினும் இந்நிலத்தின் உரிமை தோடர்களுடையது என்று தம் மேலதிகாரிகளுடன் வாதாடியவரும் அவரே என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். அந்த வாதம் நிற்கவில்லை. தொடர்ந்து வீடுகளும் தேயிலைத் தோட்டங்களும் வந்தன. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் ரயில் வந்தது. துரைமார்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டுமே! துப்பாக்கியோடு காட்டெருமைக்கும் கடமானுக்கும் வரையாட்டுக்கும் அலைந்தார்கள். உதகையைச் சுற்றிய புல்வெளிகளில் சிவப்புக் கோட்டு அணிந்து, நாய்க் கூட்டத்தை முன்னே விட்டுக் குதிரைமீது நரி வேட்டையாடினார்கள். இன்று திரைப்படப் படப்பிடிப்புக்குப் பெயர்பெற்ற வென்லாக் புல்வெளிக்கு, 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராயிருந்த வென்லாக் பிரபுவின் பெயர் வந்த கதையும் அந்நாட்களைச் சேர்ந்ததே.

சுட்டுச் சுட்டு விலங்குகள் அருகின. அப்போதுதான் வேட்டைக்காரர்களுக்கே அச்சம் தட்டியது. 1879-இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இன்ன காலத்தில் சுடலாகாது, உரிமம் இல்லாமல் சுடலாகாது என்பன அதன் விதிகள். ஆக, இம்மலையில் சீட்டு என்பது புதியதன்று. நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அன்று அது துப்பாக்கிக்கு வந்தது, இன்று சக்கரத்துக்கு வந்திருக்கிறது. அச்சட்டம் விலங்குகளின் மீதுள்ள இரக்கத்தால் மட்டும் பிறந்ததென்று நான் சொல்லமாட்டேன். நாளைக்கும் சுடுவதற்கு விலங்கு வேண்டுமென்ற கவலையும் அதில் இருந்தது; காட்டையே நம்பி வாழ்ந்த பழங்குடியினரைக் கேட்டு இயற்றியதாகவும் தெரியவில்லை. என்றாலும், காட்டுக்கும் ஓய்வுக்காலம் வேண்டும் என்பது சட்டப் புத்தகத்தில் ஏறியது. ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல் விட்டு அதற்கு ஓய்வு கொடுக்கும்படி லேவியர் நூலில் இஸ்ராயேலருக்கு இறைவன் கட்டளையிட்டதைப் படித்த நமக்கு அது புதிதாகப் படவேண்டியதில்லை.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-இல் அதைத் திருத்தியபோது விளையாட்டு வேட்டைக்கு உரிமம் வழங்கும் வழியே அடைபட்டது. துப்பாக்கிச் சீட்டின் கதை அத்தோடு முடிந்தது. குன்னூரில் வழக்கறிஞராயிருந்த இ. ஆர். சி. தாவிதார் அந்த மாற்றத்தைத் தம் வாழ்விலேயே காட்டியவர். துப்பாக்கியைத் துறந்து, வரையாடுகளைத் தேடி மலைமலையாக நடந்து எண்ணிக் கணக்கெடுத்தார். 1975-இல் அவர் நடத்திய ஆய்வு அத்துறையின் தொடக்க ஆய்வுகளுள் ஒன்று. அவரை நினைவுகூர்ந்து அக்டோபர் 7-ஆம் நாளை 'வரையாடு நாள்' எனத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. முக்கூர்த்தித் தேசியப் பூங்காவின் புல்வெளிகளில் அவ்வாடுகள் இன்றும் மேய்கின்றன. 2024-இல் தமிழகம் முழுவதும் எடுத்த கணக்கில் 1,031 வரையாடுகள் இருந்தன, 2025-இல் 1,303. நம் மாநில விலங்கின் மொத்தத் தொகை, ஒரு நடுத்தரப் பங்கின் ஞாயிறு திருப்பலிக்கு வரும் கூட்டத்தைவிட அதிகமில்லை!

அப்புல்வெளிகளையும் அவற்றின் மடிப்புகளில் ஒதுங்கிநிற்கும் சோலைக்காடுகளையும் பற்றி ஒரு வார்த்தை. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்துச் சொட்டுச் சொட்டாக விடுபவை அவை. பவானி அங்கே பிறக்கிறாள். மேட்டுப்பாளையத்திலும் கோவையிலும் சத்தியமங்கலத்திலும் ஈரோட்டுப் பக்கத்திலும் குழாயைத் திறந்தாலும் மதகைத் திறந்தாலும் வருவது அவள் நீர்தான். ஆகவே மலை மலைக்காரர்களுக்கு மட்டும் சொந்தம் என்றும் சொல்ல முடியவில்லை. காசு கொடுத்து அறை எடுத்தவருக்குச் சொந்தம் என்றும் சொல்ல முடியவில்லை. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் பூமியை நம் பொது இல்லம் என்று அழைத்தார். பொது இல்லம் என்றால் யாரும் எப்படியும் நுழையலாம் என்று பொருள் கொள்வோர் உண்டு. எங்கள் வேனிலேயே அப்படியொரு வாதம் நடந்தது. பத்துப் பேர் வாழும் கூட்டுக் குடும்பத்தில் பின்கட்டுக்குப் போகுமுன் ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவதில்லையா என்று பாட்டியின் மருமகள் கேட்டார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பிற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் என் உறவினர் ஒருவர் வேலை பார்க்கிறார். அங்கே 2011 ஜூலை முதல், மாநிலப் பூங்காவுக்கோ அரசுக் காட்டுக்கோ காரில் செல்வோர் காருக்கு அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும்: ஆண்டுக்கு 30 டாலர், ஒரு நாளைக்கு 10 டாலர். 2025 அக்டோபரில் ஆண்டுச் சீட்டு 45 டாலராயிற்று. அந்நாட்டில் வேட்டையும் மீன்பிடித்தலும் உரிமத்தோடு இன்றும் நடக்கின்றன; அவ்வுரிமம் வாங்குவோருக்கு வனவிலங்குத் துறையின் நிலங்களில் வண்டி நிறுத்தும் சீட்டை இனாமாகவே கொடுத்துவிடுகிறார்கள். சீட்டில் வரும் பணம் பூங்காக்களின் பராமரிப்புக்குப் போகிறது. அங்கே சீட்டு பணம் திரட்டும் வழி. நம் மலையில் அது கூட்டத்தைக் குறைக்கும் வழி. அங்கே எத்தனை கார்கள் வந்தாலும் சீட்டுக் கிடைக்கும். இங்கே ஆறாயிரத்தோடு கதவு சாத்தப்படும். காசு வைத்தால் ஏழைக் குடும்பம்தான் முதலில் பின்வாங்கும். ஆகவே கட்டணமில்லாத நம் முறையே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கணக்கு வண்டியைப் பார்க்கிறதே தவிர ஆளைப் பார்ப்பதில்லை. இரண்டு பேர் வரும் காரும் ஒரு வண்டி. பதினான்கு பேர் நெருக்கியடித்து வரும் எங்கள் வேனும் ஒரு வண்டி. சாலையில் அடைக்கும் இடத்தைப் பார்த்தால் எங்கள் பதினான்கு பேருக்கு ஏழு கார்கள் வேண்டியிருக்கும். இணையத்தில் பதியத் தெரியாத முதியவர்கள், பட்டன் வைத்த சாதாரணக் கைப்பேசி மட்டும் வைத்திருப்போர் ஆகியோர் பிள்ளைகளையோ கணினிக் கடையையோ நாடவேண்டியிருக்கிறது. கல்லாற்றிலேயே சோதனைக்காக வண்டிகள் வரிசைகட்டி நிற்பதையும் பார்த்தோம். நெரிசலைக் குறைக்க வைத்த சாவடியில் நெரிசல்! மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது; எண்ணிக்கையோடு ஆள் கணக்கையும் அவர்கள் பார்த்தால் நல்லது.

மலைக்குள்ளேயே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. முதுமலையில் காட்டைப் பார்க்க வேண்டுமானால் சொந்தக் காரை நிறுத்திவிட்டு வனத்துறையின் வண்டியில்தான் போகவேண்டும். முதுமலையைத் தாண்டினால் வரும் பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை பொதுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு ஆண்டுகள் பலவாயின. 2009-இல் வந்த தடை அது. அந்நேரத்தில் சாலையைக் கடக்கும் யானைக் கூட்டத்துக்கு ஒலிப்பானின் அலறல் இல்லை.

நாங்கள் காந்தலை அடைந்தபோது பதினொன்றரை மணி. கோடைப் பருவத்து ஒருவழிப் பாதையால் குன்னூர் வழியே ஏற்றம் மட்டுமே இருந்தது. எதிரில் வண்டி வராததால் எங்கும் நிற்கவேண்டியதாகவில்லை. கோயில் முற்றத்தில் தலசேரியிலிருந்தும் மைசூரிலிருந்தும் வந்த குடும்பங்களைக் கண்டோம். சிலுவைப்பாதை செய்து, திருப்பண்டத்தை முத்திசெய்து, வெளியே வந்து புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தோம். பாட்டி மட்டும் பீடத்தின் முன் நெடுநேரம் இருந்தார். நம் திருத்தலங்களுக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: மே மாதத்தில் வார நாளைத் தேர்ந்தெடுங்கள், புறப்படுவதற்குச் சில நாள் முன்பே பதியுங்கள், வண்டி எண்ணை மாற்றினால் சீட்டையும் மாற்றவேண்டும். தண்ணீரை வீட்டிலிருந்தே பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குப்பி மலையில் தடை செய்யப்பட்டது.

திரும்பும்போது கோத்தகிரிச் சாலை. பனி விலகி, கீழே சமவெளியின் விளக்குகள் தெரிந்தன. அடுத்த ஆண்டு வேனை விட்டுவிட்டு, கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில், அங்கிருந்து அரசுப் பேருந்து என்று போகலாமா என்ற யோசனை அப்போதே எழுந்தது. பேருந்துக்குச் சீட்டுப் பதியவேண்டியதில்லை, செலவும் பாதிதான். பங்குத்தந்தையிடம் சொன்னோம், ஒப்புக்கொண்டார். சோற்று அண்டாவையும் சாம்பார்ப் பாத்திரத்தையும் பேருந்தில் எப்படி ஏற்றுவது என்பதில் மட்டும் மாதாசபைப் பெண்களுக்கிடையே இன்னும் முடிவு ஏற்படவில்லை.